இது யாருடைய மாடு

என் மகளை நான் அடித்தது ஒரு சைக்கிளுக்காக. அது அவளுடைய சைக்கிள்கூட இல்லை.

நோர்வேயின் வடக்கில், மீன் தொழிற்சாலை ஒன்றை நம்பி நிற்கிற ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிறோம். கணவருக்குத் தெற்கே வேறொரு நகரத்தில் வேலை. மாதத்தில் இரண்டு தரம் வந்து போவார். மற்ற நாட்களில் நானும் ஒன்பது வயது மகளும்தான். காலையில் அவளுக்குப் பாணில் வெண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துவிட்டு ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுவேன். கையில் ரப்பர் உறை, காலில் ரப்பர் சப்பாத்து, தலையில் வலை. எட்டு மணித்தியாலம் மீனில் முள் இழுக்கிற வேலை. தீவில் பிறந்தவள் என்றால் மீனோடு பிறந்தவள் என்று பக்கத்தில் நிற்கிற எரித்திரியாக்காரி நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் நெடுந்தீவில் மாடு வைத்திருந்தவர்கள், மீனைச் சட்டியில் கண்டதோடு சரி என்று எத்தனை தரம் சொன்னாலும் அவளுக்கு ஏறாது.

என் ஒரு நாளை யாராவது கூட இருந்து பார்த்தால் கொட்டாவி விடுவார்கள். பஸ் வருகிற நேரத்துக்கு வரும். மூன்று நிமிடம் பிந்தினால் சனம் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடும். பஸ் பிந்துவதற்குப் பெருமூச்சு விடுகிற ஒரு வாழ்க்கை எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதை நினைத்தால் சில நாட்களில் சிரிப்பு வரும், சில நாட்களில் எரிச்சல் வரும். மத்தியானம் சாப்பிடுகிற மண்டபத்தின் ஜன்னல் துறைமுகத்தைப் பார்த்தது. கிழமைக்கு ஒருதரம் சாம்பல் நிறக் காவல் கப்பல் வந்து நிற்கும். அதிலிருந்து சீருடைப் பொடியள் குதித்து வந்து கோப்பி வாங்கி எங்கள் பக்கத்து மேசையில் இருந்து பகிடி விடுவார்கள். எங்கள் பெண்களும் திருப்பி விடுவார்கள். நான் மட்டும் பதினாலு வருடமாகச் சுவரோடு முதுகை வைத்து, கதவைப் பார்த்தபடி சாப்பிடுகிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் மாடிவீட்டின் கீழே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர் இருவர், ஒரு ஆணும் ஒரு பெண்ணும், ஒரு சிவப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள். இது யாருடையது என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் தோளைக் குலுக்கினார்கள். என் மகள்தான் கையை உயர்த்தினாள். மூன்றாம் மாடி, இடப்பக்கத்துக் கதவு, தனியாக இருக்கிற மனிதருடையது என்றாள். அவர் இப்போது வீட்டில் இருக்கிறார் என்றாள். காலையில் எத்தனை மணிக்கு வெளியே போவார் என்பதையும் கேளாமலே சொன்னாள். நான் மேலே ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலு மாடி எப்படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை. அவளைக் கையில் பிடித்து இழுத்து வந்து, வீட்டுக் கதவைச் சாத்தி, கன்னமும் காதும் சேர ஒரு அறை அறைந்தேன்.

"ஆர் வந்து கேட்டாலும் தெரியாதெண்டு சொல்லு. விளங்கிச்சோ?"

அவள் அழவில்லை. அது அவருடைய சைக்கிள்தானே அம்மா என்று மட்டும் நோர்வே மொழியில் கேட்டாள். ஜன்னலால் பார்த்தேன். மூன்றாம் மாடிக்காரர் செருப்போடு இறங்கி வந்து, தொலைந்துபோன சைக்கிளைக் கண்ட சந்தோசத்தில் ஏறி ஒரு சுற்று ஓடி, மணியை அடித்தார். பொலிஸ்காரர் சிரித்தார்கள். கை குலுக்கினார்கள். போய்விட்டார்கள். இந்த நாட்டில் அவ்வளவுதான் நடக்கும். அது என் தலைக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

என்னிடம் கேட்டது ஒரு மாட்டைப் பற்றி. அப்போது எனக்குப் பத்து வயது. எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம்.

நெடுந்தீவில் மாடுகளுக்குக் கட்டையும் இல்லை, கயிறும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். தெற்கே புல்வெளியில் அவை தம் பாட்டில் மேயும். எல்லார் மாடும் ஒன்றாய் மேய்ந்தாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி இருந்தது. இரும்பைக் காய்ச்சித் தொடையில் சுட்டுவிடுவார்கள். சூலம், பிறை, பிறைக்குக் கீழே இரண்டு கோடு, வட்டத்துக்குள் புள்ளி. அ, ஆ படிக்கமுன்னம் நாங்கள் படித்தது அந்தக் குறிகளைத்தான். கிணற்றுக்குள் ஒரு மாடு விழுந்து கிடந்தால், கல்வேலி இடிந்து கால் அகப்பட்டு நின்றால், முதலில் காண்கிற ஆள் குறியை வாசித்து உடையவர் வீட்டுக்கு ஓடவேண்டும். ஓடிப் போய்ச் சொன்னால் கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி கிடைக்கும். கண்டும் சொல்லாமல் வந்தால் வீட்டில் அடி. பொய் சொன்னதற்கு எனக்கு விழுந்த அடியைவிட மாட்டைக் கண்டும் சொல்லாமல் வந்ததற்கு விழுந்த அடி கூட.

குறி வாசிப்பதில் நான் கெட்டிக்காரி. அதில் எனக்குத் தலைக்கனமும் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு கடை இருந்தது. கடைக்காரர் வேலணைப் பக்கத்திலிருந்து எங்கள் தீவுக்குக் கலியாணம் முடித்து வந்தவர். எத்தனை வருடமாகியும் மனிதருக்கு ஒரு குறிகூடப் பிடிபடவில்லை. எந்த மாடாவது அவருடைய வாழைக்குலையில் வாய் வைத்துவிட்டால், மாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். "பிள்ளை, இது ஆர்ரை மாடு?" என்று கேட்பார். நான் கொஞ்ச நேரம் யோசிக்கிற மாதிரி நடித்து அவரைக் காக்க வைத்துவிட்டுத்தான் சொல்வேன்.

இறங்குதுறைக்குப் பக்கத்தில் கடற்படை காம்ப் போட்டிருந்தது. அதில் இருந்தவர்களை நாங்கள் காம்ப்காரர் என்போம். வள்ளத்தில் வருகிறவர்களைச் சோதிப்பது அவர்கள் வேலை. அடிப்பதும் அந்த வேலையோடு சேர்ந்து வந்தது. பையில் ரோர்ச் பற்றரி இருந்ததற்கு ஒருவருடைய பல்லை உடைத்தார்கள். சைக்கிளை விட்டு இறங்காமல் போனதற்கு எங்கள் கணக்கு வாத்தியாரை மத்தியான வெயிலில் சல்லிக்கல்லில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். நாங்கள் வரிசையாக அவரைக் கடந்து வீட்டுக்குப் போனோம், அவர் எங்களைப் பார்க்கவில்லை, நாங்களும் அவரைப் பார்க்கவில்லை. ஆசை வந்தால் மாட்டைச் சுட்டுத் தின்றார்கள். குறி இருந்த தோலைக் கடலில் எறிந்தார்கள். காலையில் படலையில் நின்று இன்றைக்கு ஆருக்கு அடி என்று விசாரிப்பது, மழை வருமோ என்று விசாரிப்பது போலாகிவிட்டது. போர் என்று அதற்கு அப்போது யாரும் பெயர் வைக்கவில்லை. அடி என்றுதான் பெயர்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன். கல்வேலிகளுக்கு நடுவே ஒழுங்கையில் காம்ப்காரர் நாலு பேர் ஒரு பசு மாட்டைச் சுற்றி நிற்கிறார்கள். மாட்டின் கழுத்தில் புதிய நீலக் கயிறு, தடித்த நைலோன் கயிறு. அதற்கு இரண்டு நாள் முன்னம் காம்பின் சின்னப் படகொன்று கட்டியிருந்த நீலக் கயிறு அறுந்து இரவோடு இரவாக மிதந்துபோக, கயிற்றை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று அவர்கள் குதித்துக்கொண்டிருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நாலு பேரில் ஒருவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். சிரித்த முகம். குனிந்து என் உயரத்துக்கு வந்து, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லிக் கூப்பிட்டான்.

"நங்கி, இது யாரு மாடு?"

நான் குறியைப் பார்த்தேன். பிறைக்குக் கீழே இரண்டு கோடு. அக்கரையில் குறிகட்டுவான் துறைக்கு மோட்டார் வள்ளம் ஓட்டுகிற அண்ணையின் மாடு. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. வீடு எது, படலை எந்தப் பக்கம், வள்ளத்தோடு அண்ணை எத்தனை மணிக்குத் திரும்பி வருவார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். அவன் என் தலையைத் தடவி, சட்டைப் பையிலிருந்து ஒரு ரொபி இனிப்பு எடுத்துத் தந்தான். பனங்கட்டிக்குப் பதிலாக ரொபி என்று நினைத்தேன். வீடு வந்து சேரமுன்னம் தின்று முடித்துவிட்டேன்.

பின்னேரம் அப்பா இறங்குதுறைக்கு என்னையும் கூட்டிப் போனார். வள்ளத்தில் அரிசிச் சாக்கு வரவிருந்தது. வள்ளம் வந்தது. காம்ப்காரர் கரையில் காத்துநின்றார்கள். ஒருவன் கையில் அந்த நீலக் கயிறு. ஆட்களையெல்லாம் இறக்கித் தலையைக் குனிந்து இருக்கச் சொல்லிவிட்டு, சுக்கானைப் பிடித்தபடி நின்ற அண்ணையை இழுத்து எடுத்தார்கள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் ஒதுக்கியது கண்டெடுத்தவனுக்கு. பலகையோ மிதவையோ கயிறோ, யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அண்ணை அதைத்தான் சொன்னார்.

"கடல் தந்தது, ஐயா. கரையிலை கிடந்து எடுத்தனான்."

தமிழ் தெரிந்தவன் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தான். அவர்கள் சிரித்தார்கள். வள்ளம் கட்டுகிற கற்றூணில் அண்ணையின் இரண்டு கைகளையும் விரித்து வைத்து, ஒருவன் மணிக்கட்டைச் சப்பாத்தால் மிதித்துக்கொள்ள, மற்றவன் துவக்கின் அடிக்கட்டையால் இடித்தான். முதல் இடிக்கு அண்ணை கத்தினார். பிறகு இடித்ததற்கு அவரிடமிருந்து சத்தம் வரவில்லை. எலும்பு உடைகிற சத்தம் பெரிதாய்க் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்கிறேன், கேட்காது. ஈரத் துணியை அடித்துத் துவைக்கிற சத்தம்தான். அப்பா என் கண்களைப் பொத்தினார். விரல்களுக்கு நடுவால் எல்லாம் தெரிந்தது. கட்ட ஆளில்லாமல் வள்ளம் துறையோடு மோதி மோதி நின்றது. அங்கே இருந்த ஐம்பது அறுபது பேரில் ஒருவரும் எழும்பவில்லை.

அண்ணையின் விரல்கள் பிறகு மடங்கவில்லை. சுக்கான் பிடிக்க ஏலாது. சோற்றை அவருடைய மனைவிதான் ஊட்டிவிடவேண்டும்.

அன்றிரவு குசினியில் அம்மாவிடம் சொன்னேன். நான்தான் குறியை வாசித்தேன் என்று சொன்னேன். அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. கை ஓங்கினது எனக்குத் தெரியவில்லை. அடுப்புப் பக்கத்தில் விழுந்து கிடந்தேன்.

"இதை உன்ரை சீவியத்திலை ஒருத்தருக்கும் சொல்லாதை. கொப்பருக்கும் சொல்லாதை."

பிறகு என்னைத் தூக்கி மடியில் வைத்துத் தலையைத் தடவினா. நான் செய்ததற்காக அடித்தாவா, அதைச் சொன்னதற்காக அடித்தாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊருக்கு ஒரு கேள்வி வந்தது. காம்ப்காரருக்குக் குறி வாசிக்கத் தெரியாது. அப்படியென்றால் யாரோ காட்டிக்கொடுத்திருக்கவேண்டும். யார்? இரண்டு நாளில் பதில் கிடைத்துவிட்டது. கடைக்காரர் காம்ப்காரருக்குச் சிகரெட் விற்கிறார், சோடா விற்கிறார், அவர்களோடு சிரித்துக் கதைக்கிறார். அதுவும் வந்தான் வரத்தான். அவருக்கு ஒரு குறிகூட வாசிக்கத் தெரியாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பகிடி. அந்த இரண்டு நாளும் அந்தப் பகிடி ஒருவருக்கும் ஞாபகத்துக்கு வரவில்லை. காம்ப்காரரை அடிக்க ஏலாது. யாரையாவது அடிக்காமல் இருக்கவும் ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறமுன்னம், ஆறு பேர் போனார்கள். அதில் ஒருவர் என் அப்பா. கையில் கருக்குமட்டை, பனை மட்டையின் ஓரத்தில் வாள் போலப் பல் இருக்குமே, அது. நான் பின்னால் ஓடினேன். அம்மா கூப்பிட்டுப் பார்த்தா, நான் நிற்கவில்லை. சொல்லிவிடலாம் என்று ஓடினேனா, பார்க்க ஓடினேனா? சொல்லத்தான் ஓடினேன் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நல்லது.

கடைக்காரரைப் பலகைக்குப் பின்னாலிருந்து இழுத்து முற்றத்தில் போட்டார்கள். சாரம் அவிழ்ந்துவிட்டது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தலையை மறைத்தார். போத்தல்களை உடைத்தார்கள். அரிசியும் சீனியும் சோடாவும் கண்ணாடியும் ஒன்றாய் நிலத்தில். அவருடைய மனைவி ஒவ்வொருவருடைய காலாகப் பிடித்தா. அவ எல்லாருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். அவர் ஒரே ஒரு விசயத்தைத்தான் திருப்பித் திருப்பிக் கத்தினார்.

"எனக்கு உங்கடை குறி வாசிக்கத் தெரியாது. அண்ணைமாரே, எனக்கு வாசிக்கத் தெரியாது."

அது உண்மை. அங்கே நின்றவர்களில் அது உண்மை என்று நிச்சயமாகத் தெரிந்த ஆள் நான். படலையடியில் நின்றேன். அவர் என்னைக் கண்டார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. "பிள்ளையைக் கேளுங்கோ, பிள்ளைக்குத் தெரியும்" என்றார். நான் காக்க வைத்துக் காக்க வைத்துக் குறி சொல்லிக்கொடுத்த பிள்ளை. ஆறு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா திரும்பிக் கருக்குமட்டையை ஓங்கினார். அது கடைக்காரரின் இடக் கண்ணோடு சேர்த்துக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் சாரத்தை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். விரல்களுக்குள்ளால் இரத்தம் கொட்டியது. அதோடு எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு அவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது.

அப்பா கிணற்றடியில் கை கழுவினார். மத்தியானம் சாப்பிட இருக்கும்போது, காட்டிக்கொடுத்தவனுக்கு இது காணாது என்றார். அம்மா பரிமாறினா. நான் இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று.

கடைக்காரர் குடும்பம் அடுத்த கிழமையே தீவை விட்டுப் போனது. கண்ணில் துணி கட்டியபடி, தையல் மெசினைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் வள்ளத்தில் ஏறினார் என்று சொன்னார்கள். எங்கே போனார் என்று யாரும் தேடவில்லை. அப்பா தான் அடித்தது சரி என்ற நினைப்போடு சாகும்வரை இருந்தார். அவரை நான் அப்படியே சாக விட்டேன். அம்மாவும் நானும் அதைப்பற்றிப் பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. கணவருக்குக்கூட நான் சொன்னதில்லை.

சைக்கிள் விசயம் நடந்த பிறகு வந்த திங்கட்கிழமை, தொழிற்சாலைக்கு மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. உடனே வரச் சொன்னார்கள். ரப்பர் சப்பாத்தோடே போனேன். வகுப்பு ஆசிரியை இருந்தார். பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு பெண், மடியில் குறிப்பெழுதுகிற கொப்பியோடு. அவர் யார் என்று சொல்லமுன்னமே, பிள்ளைகள் நல அலுவலகத்து ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நாட்டில் பிள்ளையை அடிப்பது குற்றம். பிள்ளையைத் தாயிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் கூடுகிற இடமெல்லாம் அதே கதைதான். அவர்கள் காட்டிய கதிரையில் இருந்தேன்.

மகள் கதிரை நுனியில் இருந்தாள். கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது, காதுக்குப் பின்னால் நீலமாய்க் கிடந்தது. ஆசிரியை அன்பான குரலில், எனக்கும் கேட்கவேண்டும் என்று அவளிடம் திரும்பவும் கேட்டார்: இது எப்படி வந்தது?

அலுமாரிக் கதவு இடித்தது என்றாள் மகள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எந்த அலுமாரி என்று கேட்டார்கள். சமையலறையில், தட்டு வைக்கிற அலுமாரி, அம்மா அப்போது வீட்டிலேயே இல்லை என்றாள். இரண்டு நாளுக்கு முன்னம் கேளாததையெல்லாம் சொன்ன பிள்ளை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சொன்னபடி செய்துவிட்டேன் என்கிற பார்வை.

கொப்பிக்காரப் பெண் என்னைப் பார்த்து, அப்படித்தானா என்று கேட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும். ஒருவருக்கும் கண் போகாது, கை போகாது. பஸ்ஸில் ஏறி இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்.

"இல்லை," என்றேன். "நான்தான் அடிச்சனான்."

வாயில் வந்தது தமிழ். அவர்களுக்கு விளங்கவில்லை. நோர்வே மொழியில் திரும்பச் சொல்ல வாயைத் திறந்தேன். மகள் கதிரையை விட்டுப் பாய்ந்து வந்து தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதேங்கோ அம்மா. தெரியாதெண்டு சொல்லுங்கோ."

அவளுடைய கையைப் பிடித்து இறக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பெண் பேனையோடு காத்திருந்தார். நான் சொல்லத் தொடங்கினேன்.